படித்துக் காட்டப்பட்டது

போன மாதம் மில்லில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்று மூன்று வருடமான ஆளுக்குச் சால்வை போர்த்தி மைக்கையும் கையில் கொடுத்தால் சும்மா இருப்பானா? நாற்பது நிமிடம் பேசினேன். வடக்கே இருந்து வரும் தொழிலாளர்களை நிலைக்க வைப்பது எப்படி என்பதுதான் தலைப்பு. அதில் எனக்கு அனுபவம் உண்டு. ஒடிசாவிலிருந்து முதல் கூட்டம் வந்தபோது பாதிப் பேர் ஒரே வாரத்தில் ஓடிப்போனதையும், வேலை கடினம் என்று நாங்கள் நினைத்திருக்க அது சமையல் எண்ணெய்ப் பிரச்சினையாக முடிந்ததையும், கடுகெண்ணெய் வாங்கி ஊற்ற ஆரம்பித்த பிறகு ஆட்கள் தங்கியதையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

அப்போது பின்வரிசையில் இருந்து பர்சனல் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் எழுந்தாள்.

"சார், ஒரு சந்தேகமுங்க. நம்ம பஸ் தெனமும் அகதி முகாம் வழியாத்தான் வருது. அங்க டிப்ளமா, பி.ஈ. படிச்சவங்கெல்லாம் இருக்காங்க. தமிழ்தான் பேசறாங்க. ரெண்டாயிரம் கிலோமீட்டர் போயி ஆள் கூட்டியாறோம், முகாம் ஆளுங்கள மட்டும் ஏன் எடுக்கறதில்லீங்க?"

நான் தண்ணீர் குடித்தேன். "அது ஒரு பழைய கதைம்மா, இன்னொரு நாளைக்குப் பேசலாம்" என்று மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

நான் மணி. நாமக்கல்லுக்குக் கிழக்கே எருமப்பட்டி பக்கம் உள்ள ஒரு நூல் மில்லில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். டைம் ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்து பர்சனல் ஆபீசராக வெளியே வந்தேன். பி.காம். முடித்துவிட்டு ஒரு வருடம் எடுபிடியாக இருந்தேன். டோக்கன் எண்களை மனப்பாடம் செய்தேன். சங்கு ஊதுவதற்கு முன்பே எந்த ஷிப்டில் எத்தனை பேர் குறைவு என்று சொல்லப் பழகினேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

படிவம் எழுதுவதுதான் என் தொழில் என்று சொல்லலாம். சேர வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் படிவத்தைக் கண்டாலே மிரளுவார்கள். அதனால் எங்கள் மில்லில் ஒரு பழக்கம் இருந்தது. எழுத்தரே கேட்டுக் கேட்டு எழுதிவிடுவார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தள்ளுவார். ஆள் அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். அதற்குக் கீழே ஒரு ரப்பர் முத்திரை: "தொழிலாளி கூறியபடி எழுதப்பட்டு, அவருக்குப் படித்துக் காட்டப்பட்டது." அதன் மேல் எழுத்தர் கையெழுத்து.

கேட்டுக் கேட்டு எழுதுவது என்பதும் பேச்சுக்குத்தான். பிறந்த தேதி தெரியாதென்றால் நாங்களே ஒரு தேதி போடுவோம். சொந்த ஊர் ஏதோ காட்டுக் கொட்டாய் என்றால் பக்கத்து பஸ் ஸ்டாப் பெயரை எழுதுவோம். படித்துக் காட்டியதே கிடையாது. வாசலில் இருபது பேர் நிற்கும்போது யாருக்கு நேரம்? ஆனால் முத்திரை மட்டும் தவறாமல் விழும். மை காய்ந்துவிடாமல் தினமும் காலையில் இரண்டு சொட்டு விடுவேன். அதிலெல்லாம் நான் ரொம்பச் சுத்தம்.

என் மேலதிகாரி தண்டபாணி சார், மில்லின் பர்சனல் மேனேஜர். குரலை உயர்த்தியதே இல்லை. கூட்டுகிற ஆளைக்கூட "வாங்க, போங்க" என்பார். விண்ணப்பம் எதுவானாலும் கீழிருந்து மேலே படிப்பார். முதலில் கையெழுத்து, பிறகு முகவரி, கடைசியில்தான் பெயர். "பேரு எல்லாத்துக்கும் நல்லாத்தாங்க மணி இருக்கும். கீழ பாத்தாத்தான் ஆள் தெரியும்" என்பார். மாட்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. "சொல்லி அனுப்பறோமுங்க" என்று வாசல்வரை வந்து அனுப்பிவிட்டு, விண்ணப்பத்தின் வலது மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி விழுந்த விண்ணப்பத்துக்கு ஆயுசுக்கும் அழைப்பு வராது.

முகாமிலிருந்து வந்த விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் அந்தப் புள்ளி இருந்தது. ஆரம்பத்தில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"நல்ல பசங்கதானுங்க மணி. நாங்கூட பாத்திருக்கறேன். ஆனா ஒரு எடத்துக்கு அனுப்ப முடியாதுங்களே. செக்கிங்னா முகாம்ல நிக்கோணும். ஹாஸ்டல்ல தங்க முடியாது. கோயமுத்தூருக்கு டிரெய்னிங் அனுப்பறதுன்னாலும் பர்மிசன் வாங்கோணும். வடக்கத்திப் பையன்னா பெட்டியத் தூக்கீட்டு எங்க வேணும்னாலும் வருவான். நாளைக்கு ஊரு நெனப்பு வந்தா போயிட்டும் வருவான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. முகாமில் வருவாய்த் துறையினர் வந்து ஆள் பார்க்கும் நாளைத்தான் செக்கிங் என்பார்கள். அன்றைக்கு இல்லாவிட்டால் பதிவேட்டில் பெயருக்குச் சிக்கல் வரும். அந்தப் பயத்தால் முகாம் ஆண்கள் அன்றாட வேலைகளாகப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க நாலு பேர் வந்தால் அதில் மூன்று பேர் முகாம் ஆட்களாக இருப்பார்கள். அதிலும் ஒருவன் டிகிரி முடித்தவனாக இருப்பான்.

தயாபரன் என்ற முகாம் பையனும் பெயிண்டராகத்தான் எங்கள் மில்லுக்குள் வந்தான். நூல் சுற்றும் பிரிவில் தூண்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் காண்டிராக்ட். அன்று ஒரு ஆட்டோகோனர் மெஷின் நின்று போய், எலக்ட்ரிகல் ஆட்கள் அதன் எலக்ட்ரானிக் கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார்கள். ஏணி மேலே இருந்து குரல் வந்தது.

"அண்ணா, அந்த மூணாவது கெப்பாசிட்டர் உப்பிக் கெடக்குது பாருங்க. மொதல்ல அத மாத்திப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஏணியில் இருப்பவன் சொல்லி மெஷின் ஓடுமா என்று கேலி செய்தார்கள். மாற்றிப் பார்த்தால் ஓடியது. மறுநாள் ஸ்பின்னிங் மாஸ்டர் அவனை என் மேசைக்கே இழுத்து வந்துவிட்டார். இருபத்து மூன்று வயது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா, முதல் வகுப்பு. நகக்கண்ணெல்லாம் பச்சைப் பெயிண்ட். எங்களிடம் "ஏனுங்க, ஆமாங்க" என்று எங்களைவிடச் சுத்தமாகப் பேசினான். அம்மா போன் செய்தபோதுதான் "ஓம் அம்மா, வாறன்" என்று வேறொரு ஆளானான்.

தண்டபாணி சார் அவனுடைய பழைய விண்ணப்பத்தை எடுத்துவரச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்பே கொடுத்தது, மூலையில் புள்ளியோடு கிடந்தது. மேசை டிராயரிலிருந்து ரப்பரை எடுத்து அந்தப் புள்ளியை அழித்தார். அவர் புள்ளியை அழித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"படிவத்த நீங்களே பாத்துப் பூர்த்தி பண்ணீருங்க மணி. எனக்கு வில்லங்கம் எதும் வரக்கூடாதுங்க" என்றார்.

என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததைப் பற்றி அப்போது பெருமையாகவும் இருந்தது.

தயாபரனை எதிரே உட்கார வைத்து எழுத ஆரம்பித்தேன். பெயர், அப்பா பெயர், கல்வித் தகுதி. நாடு என்ற இடம் வந்தது. இந்தியர் இல்லையென்றால் வெளிநாட்டுத் தொழிலாளர் என்று குறித்து, பாஸ்போர்ட் எண் எழுத வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு அவன் எங்கே போவான்?

"சார், முகாம் அட்ட நம்பரு போட எடமே இல்லீங்களே" என்றான்.

"இல்லாத எடத்துல எங்கப்பா போடறது? நீ பொறந்தது எங்க?"

"நாமக்கல் பெரியாஸ்பத்திரிலதாங்க."

"அப்பறமென்ன? இந்தியர்னு போட்டுடறேன்."

"அது தப்புங்க சார். நாங்க அப்படிப் போடக்கூடாது. எங்க போனாலும் இலங்கை அகதின்னுதான் எழுதோணும்."

"இங்க பொறந்து, இங்க படிச்சு, இங்க பெயிண்ட் அடிச்சிட்டுக் கெடக்கற. உன்னை எந்த ஊர்க்காரன்னு நான் எழுதறது? நான் பாத்துக்கறேன், நீ கையெழுத்தப் போடு சாமி."

பெருக்கல் குறி போட்டுத் தள்ளினேன். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தான். பிறகு போட்டான். நான் முத்திரையைக் குத்தினேன். ஒரு பையனுக்கு வாழ்க்கை அமைத்துக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

நாலு வருடம் நன்றாகத்தான் போயிற்று. செக்கிங் நாளாகப் பார்த்து அவனுக்கு வார விடுமுறையை மாற்றிக் கொடுப்பேன். கார்டு கெட்டால் கோயமுத்தூருக்கு அனுப்பிப் பத்து நாள் காத்திருந்த மில்லில், அவனே அரை நாளில் சரி செய்தான். மெஷின் கம்பெனியிலிருந்து வரும் இன்ஜினியர்கள் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள். அப்படி வந்த ஒருவர்தான் அவர்கள் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். தயாபரன் என்னிடம் ஓடி வந்தான்.

"சார், கெடச்சா அம்மாவக் கூட்டீட்டு வெளிய வாடகைக்கு ஊடு எடுத்துரலாமுங்க. பத்துக்குப் பத்து அறையிலயே அவங்க காலம் போயிருச்சு. வெளிய தங்கறதுக்கு பர்மிசன் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கறேன். கம்பெனி லெட்டரு இருந்தாப் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. சேரும் முன் படிவம் கொடுத்தார்கள். அதை அவனே பூர்த்தி செய்தான். நாடு என்ற இடத்தில் உண்மையை எழுதினான்: இலங்கை, அகதி, பிறந்தது இந்தியாவில். முகாம் அட்டையின் நகலையும் வைத்தான். அந்தக் கம்பெனி வழக்கம்போல் எங்களிடம் சரிபார்க்கக் கேட்டது. எங்கள் கோப்பில் இந்தியர் என்று இருந்தது.

கெட்ட நேரம், அதே வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் தணிக்கையாளர்கள் எங்கள் மில்லுக்கு வர இருந்தார்கள். தொழிலாளர் கோப்பில் ஒரு எழுத்து முன்பின் இருந்தாலும் ஆர்டர் போய்விடும் என்று நிர்வாகம் நடுங்கிக்கொண்டிருந்தது. கோப்புகளை அலசியதில் இரண்டு வில்லங்கம் சிக்கியது. ஒன்று தயாபரன். இன்னொன்று பிரமோத் என்கிற ஒடிசாப் பையன். அவனுக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த வருடம், ஆதாரில் இன்னொரு வருடம். ஒன்றின்படி பார்த்தால் சேரும்போது அவன் பதினெட்டு நிறையாதவன். தணிக்கைக்காரர்கள் கண்ணில் அதுதான் பெரிய குற்றம்.

இரண்டு கோப்பும் தண்டபாணி சார் மேசையில் ஒரே தட்டில் கிடந்தன. பிரமோத்தின் காண்டிராக்டர் அவன் ஊருக்குப் போன் செய்தார். அவனுடைய ஊர்த்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வைத்து, பையனைப் பிறந்ததிலிருந்து தெரியும், சரியான வருடம் இதுதான் என்று எழுதிய கடிதம் மூன்றாவது நாள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. பிறகு மூலக் கடிதமும் வந்தது. கோப்பில் சேர்த்து மூடினார்கள். பிரமோத் இன்றைக்கு அதே மில்லில் மேஸ்திரி. ஊரில் மாடிவீடு கட்டிவிட்டான். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல பையன்.

தயாபரன் கோப்பைப் பார்த்துத் தண்டபாணி சார் சொன்னார்: "அவனுக்கு எழுதிக் குடுக்க ஒரு ஊரு இருக்குதுங்க மணி. இவனுக்கு யாருங்க எழுதிக் குடுப்பா?"

நான் எழுதிக் கொடுத்திருக்கலாம். அந்த ஒரு படிவத்தைப் பொறுத்தவரை அவனுக்கு ஊரும் தலைவரும் நான்தான். ஒரு வெள்ளைத்தாள் போதும். எனக்கு அப்போது பணி முடிய நாலு வருடம் இருந்தது. மகள் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். இதெல்லாம் சமாதானம் ஆகாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

காலை பதினோரு மணிக்கு விசாரணை. தண்டபாணி சார், ஜெனரல் மேனேஜர், நான், தயாபரன். நான்கு பேர்தான். ஜெனரல் மேனேஜர் தயாபரனிடம் கேட்டார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க சார்."

"நாடுங்கற எடத்துல பொய்யான தகவல் ஏன் கொடுத்தீங்க?"

"நாங் குடுக்கலீங்க சார். அகதின்னுதான் சொன்னேனுங்க."

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெயரைச் சொல்லவில்லை, கை நீட்டவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தான். நானே சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தான் என நினைக்கிறேன்.

தண்டபாணி சார் படிவத்தை என் பக்கம் திருப்பினார். பென்சில் முனையால் முத்திரையைத் தொட்டார். அவர் வழக்கப்படி கீழிருந்துதான் ஆரம்பித்தார்.

"இது உங்க கையெழுத்துதானுங்களே மணி?"

"ஆமாங்க."

"அவரு சொன்னபடிதான் எழுதினீங்க?"

நான் முத்திரையைப் பார்த்தேன்.

"படிச்சுக் காட்டினீங்களா?"

"காட்டினேனுங்க" என்றேன்.

ஒரே ஒரு சொல். ஆயிரக்கணக்கான படிவத்தில் முத்திரையாகக் குத்திய அதே பொய்யை அன்று முதல் தடவையாக வாயால் சொன்னேன். தண்டபாணி சார் தலையைக் குனிந்து குறித்துக்கொண்டார். வில்லங்கம் வரக்கூடாது என்று அன்று எனக்குச் சொன்னவர் அவர்தான். அவரும் அதைச் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தோம், அதுதான் கேடு.

தவறான தகவல் கொடுத்துச் சேர்ந்தவர் என்று சொல்லி அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள்; மெஷின் கம்பெனிக்கும் அப்படியே எழுதி அனுப்பினார்கள். அந்த வரியைப் பார்த்ததும் மெஷின் கம்பெனி வேலையைத் திரும்பப் பெற்றது. வெளியே தங்கக் கேட்டிருந்த அனுமதியும் கம்பெனிக் கடிதம் இல்லாமல் அப்படியே நின்றுபோனது. தயாபரன் கடைசியாக என் மேசைக்கு வந்து டோக்கனையும் அடையாள அட்டையையும் வைத்தான். நான் வாங்கிக்கொண்டு, ரசீதில் பெருக்கல் குறி போட்டுத் தள்ளினேன். பழக்கம். அவன் அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தான். படித்து முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டான்.

அதற்குப் பிறகு வேலை பார்த்த நாலு வருடமும் ஒவ்வொரு படிவத்தையும் உரக்கப் படித்துக் காட்டினேன். வடக்கத்தி ஆட்களுக்கு இந்தி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துச் சொல்லச் சொன்னேன். ஆட்கள் சலித்துக்கொள்வார்கள். "எங்க போடோணும்னு சொல்லுங்க சார், ஷிப்டுக்கு நேரமாச்சு" என்பார்கள். மணி சாருக்கு வயசாகிவிட்டது என்று ஆபீசில் கேலி பேசினார்கள். முகாமிலிருந்து விண்ணப்பம் வருவதும் நின்றுவிட்டது. தண்டபாணி சாருக்குப் புள்ளி வைக்கும் வேலை மிச்சம். அவர் போன வருடம் காலமானார். நான் போய் மாலை போட்டேன். அழவும் அழுதேன். அவர் கெட்டவர் இல்லை.

மில் கூட்டத்தில் அந்தப் பெண் கேள்வி கேட்ட பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதினேன். இன்னார் மகன் தயாபரன் தன்னை அகதி என்றே சொன்னார். இந்தியர் என்று எழுதியது நான். படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியதும் நான். விசாரணையில் சொன்னது பொய். ஆறே வரி. அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போனேன். முப்பத்து நான்கு வருடம் அதன் வழியாக பஸ்ஸில் போய் வந்தவன், உள்ளே கால் வைத்தது அன்றுதான்.

தயாபரன் வாசலில் பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். காதோரம் நரை. என்னைப் பார்த்ததும் எழுந்து, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "வாங்க சார்" என்றான். அவனுடைய அம்மா உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"இருங்கோ ஐயா. தேத்தண்ணி குடிக்கிறியளோ? மில்லில இவனுக்கு வேலை எடுத்துத் தந்த ஐயா நீங்கள்தானே? இவன் எப்பவும் சொல்லுவான்."

வேலை வாங்கிக் கொடுத்தவன் என்று மட்டும்தான் அந்தத் தாயிடம் சொல்லியிருக்கிறான். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் கையைக் காட்டினான். விரலெல்லாம் பெயிண்ட்.

"கை ஈரமா இருக்குதுங்க. நீங்களே படிச்சுக் காட்டீருங்க சார்."

குத்திக்காட்டுவதற்காகச் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. கை உண்மையிலேயே ஈரமாகத்தான் இருந்தது. நான் படித்தேன். நாலாவது வரிக்கு வந்தபோது அந்த அம்மா தேத்தண்ணித் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். படித்து முடித்ததும் தயாபரன் கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வந்து காகிதத்தை வாங்கினான். கீழே என் கையெழுத்தைப் பார்த்தான்.

"தேதி போடலீங்களே சார்" என்றான்.

பேனாவை எடுத்தேன்.

"இன்னைக்குத் தேதி போட்டா இது எதுக்கும் ஆகாதுங்களே. எனக்கு முப்பத்தஞ்சாகப் போகுது. அந்தக் கம்பெனியில இருவத்தெட்டுக்கு மேல எடுக்கறதில்லீங்க." கோபமே இல்லாமல், ஒரு வேலையைப் பற்றி விவரம் சொல்கிறமாதிரி சொன்னான். பிறகு என் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அந்த விசாரண நடந்த நாள் தேதியப் போட முடியுங்களா சார்?"

எத்தனையோ பேருக்குப் பிறந்த தேதியே போட்டுக் கொடுத்தவன் நான். காகிதத்தை முழங்கால் மேல் வைத்து, இன்றைய தேதியைப் போட்டேன்.